வரப்பில் வயிறு தட்டுகிற சைடு பை சைடு வண்டியை 2 இன்ச் உயர்த்துவது எப்படி

எங்கள் வாழைத்தோட்டம் திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஷெட்டிலிருந்து கடைசி வாழை வரைக்கும் போக ஓர் ஓடை, இரண்டு வாய்க்கால், அப்புறம் பொத்தையை (சின்னப் பாறைக் குன்றை) ஒட்டி ஒரு கல் பாதை. டிராக்டர் நுழையாது, பைக்கில் இரண்டு தாருக்கு மேல் கட்ட முடியாது. அதனால்தான் பழைய சைடு பை சைடு வண்டி ஒன்றை வாங்கினோம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன், ஜீப் மாதிரி ஸ்டீயரிங், அருகருகே இரண்டு சீட்டு, பின்னால் சின்னத் தொட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, நாலு சக்கரமும் தனித்தனி ஷாக்கில் ஏறி இறங்கும், அதுதான் இந்த வண்டி. வாங்கின முதல் மாதமே வாய்க்கால் வரப்பில் வயிறு தட்டி, நாலு சக்கரமும் சும்மா சுற்ற, மண்வெட்டியால் வரப்பை வெட்டித்தான் வெளியே எடுத்தோம். அதிலிருந்து இரண்டு வருடம் இந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதையெல்லாம் எழுதுகிறேன், உங்கள் வண்டியில் செய்யும்போது உதவும்.

முதலில் ஒன்று. 4 இன்ச், 6 இன்ச் தூக்கிய வண்டிகளைப் படத்தில் பார்த்துவிட்டு அதேபோல் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். உரமூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி, பக்கத்தில் ஆளையும் உட்காரவைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறுகிற நம் பக்கத்து வண்டிக்கு 2 இன்ச், கூடிப்போனால் 3 இன்ச் போதும். அதற்கு மேல் போனால் ஆக்சில் ஜாயின்ட் போகும், பெல்ட் போகும், எல்லாவற்றுக்கும் மேலே வண்டி சாய்கிற பயம் வரும்.

சாமான் வாங்குவதற்கு முன்னால் எது தட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். "வண்டி தட்டுது" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, எந்த இடம் தட்டுகிறது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். நான் செய்தது இது. நீர்த்த சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, வண்டிக்கு அடியில் தகடு, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கிற இரும்புக் கைகளான கீழ்க்கைகள், பின்கைகள் எல்லாவற்றிலும் தென்னை மட்டையால் பூசிக் காயவிட்டேன். மறுநாள் வழக்கமான சுமையோடு வழக்கமான பாதையில் ஒரு நடை போய் வந்து படுத்துப் பார்த்தால், சுண்ணாம்பு எங்கெங்கே உரிந்திருக்கிறதோ அதுதான் தட்டுகிற இடம். எனக்கு நடுத்தகட்டில் ஒரு முழ நீளத்துக்கு வழித்தெடுத்த மாதிரி இருந்தது, இடது பின்கையின் முனையில் கல் கீறிய தடம் இருந்தது, முன்பக்கம் ஒன்றுமே இல்லை. அதுவரை முன்பக்கம்தான் தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அளவு. சிமெண்ட் களம் இருந்தால் நல்லது, மட்டமான இடம் வேண்டும். நாலு டயரிலும் காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும், இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 பி.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கும், கதவோரத்திலோ தொட்டியிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார வேண்டும், வழக்கமான சுமை தொட்டியில் இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள், சக்கரங்கள் உள்பக்கம் இழுத்தபடி நிற்கும், பத்தடி முன்னே பின்னே உருட்டிவிட்டு அளந்தால்தான் உண்மையான உயரம் தெரியும். தரையிலிருந்து தகட்டுக்கு முன்னால், நடுவில், பின்னால், அப்புறம் ஒவ்வொரு கையின் தாழ்ந்த இடத்துக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு எவ்வளவு ஏறியது என்று சொல்ல இந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இப்போது ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஜீப்பில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே கட்டையாக ஆக்சில் ஓடும், அதன் நடுவில் இரு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் உருண்டையாகத் தொங்கும், ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் ஏறும், அந்த உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். நம் வண்டியில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது, ஆகவே ஷாக் பக்கம் உயர்த்தினால் தகடு, டிஃபரன்ஷியல், இன்ஜின் எல்லாமே மேலே போகும். ஆனால் கைகளின் வெளிமுனை சக்கரத்தோடு மாட்டியிருக்கிறது, அது ஏறாது. அதை ஏற்ற வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் மேல்நோக்கி வளைந்த கை போட வேண்டும், அல்லது சக்கரத்தருகே பல்சக்கரப் பெட்டி வைக்கிற போர்ட்டல் கிட் போட வேண்டும். நடுவயிறு தட்டினால் ஷாக் பக்கம் வேலை, கையின் முனை தட்டினால் டயர் பக்கம் வேலை.

வரப்பு ஏறுவதற்கு நடுவயிற்றின் உயரமும் முன் பின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள நீளமும் சேர்ந்துதான் கணக்கு. சக்கர இடைவெளி 2000 மி.மீ., நடு உயரம் 280 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இரு பக்கச் சரிவும் சேர்ந்து ஏறக்குறைய 31 டிகிரி வருகிற மேட்டை வயிறு தட்டாமல் தாண்டலாம், அதையே 330 மி.மீ. ஆக்கினால் 36 டிகிரிக்கு மேல் வந்துவிடும். 2 இன்ச்சில் இவ்வளவு கிடைக்கிறது என்பதால்தான் அதற்கு மேல் வேண்டாம் என்கிறேன்.

எந்த மண்ணில் ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேடுகளில் ஓட்டுகிறவர்களுக்கு உயர்த்துகிற வேலையே தேவையில்லை, அங்கே டயர் புதைவதுதான் பிரச்சினை, காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணல் மேல் மிதந்து போகும். உயரமான வண்டியைத் தேரிச் சரிவில் குறுக்காக ஓட்டுவது ஆபத்து. சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு மண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைக்கும், அங்கே பெரிய டயர் போட்டால் அந்த இடைவெளி குறைந்து இன்னும் மோசமாகும், ஷாக் பக்கம் உயர்த்துவது நல்லது. மலையடிவாரத்து ஓடையும் பொத்தைக் கல்லும் என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். எங்கள் தோட்டம் அந்த ரகம்.

வேலையை ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள், செலவே இல்லாத இடம் அதுதான். பழைய வண்டி என்றால் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும், அந்த வண்டி புதிதில் நின்ற உயரமே இப்போது இருக்காது. ஷாக்கில் ஸ்பிரிங்குக்கு மேலே மரையுள்ள வளையமோ, படிபடியாக ஏறுகிற வளையமோ இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்படி விட்டு, ஸ்பிரிங் தளர்ந்த பிறகு சி-ஸ்பேனரால் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் மரையில் இருக்கிற மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் அலுமினிய மரை கடித்துக்கொண்டு நாசமாகிவிடும். இடது வலது ஒரே அளவு ஏற்ற வேண்டும். இப்படி இறுக்குவதால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டி நிற்கிற உயரம்தான் மாறுகிறது. அந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்குகிற தூரம் குறையும். அளவுக்கு மீறி இறுக்கினால் பள்ளத்தில் சக்கரம் எட்டாமல் தொங்கும், ஒவ்வொரு மேட்டையும் தாண்டி இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு முட்டி "டொக்" என்று அடிக்கும். சக்கரம் ஏறி இறங்குகிற மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வண்டி தன் எடையில் அமர்ந்திருக்க வேண்டும், அதுதான் நல்ல நிலை. எனக்கு இதில் மட்டுமே பின்பக்கம் முக்கால் இன்ச் கிடைத்தது. ஸ்பிரிங் ரொம்பவே சோர்ந்திருந்தால் இறுக்கிக்கொண்டிருக்காமல் சுமைக்கு ஏற்ற புது ஸ்பிரிங் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது டயர். டயரின் உயரத்தில் 2 இன்ச் கூட்டினால் தரை உயரத்தில் 1 இன்ச்தான் ஏறும், ஏனென்றால் நடு அச்சிலிருந்து கீழே பாதிதான். 26 இன்ச் டயரிலிருந்து 28 இன்ச்சுக்குப் போனால் கையின் முனை, தகடு எல்லாமே ஒரே அளவில் 1 இன்ச் உயரும், வேறெதிலும் இந்த நன்மை கிடைக்காது. ஆனால் பெரிய டயர் கனம் கூடியது, இழுவை குறையும். இந்த வண்டிகளில் இன்ஜினிலிருந்து கியர்பெட்டிக்கு ரப்பர் பெல்ட்தான் ஓடுகிறது, சுமையோடு ஏற்றத்தில் ஹை கியரில் இழுத்தால் பெல்ட் சூடேறி ரப்பர் கருகுகிற வாடை வரும். வாடை வந்த பிறகு லோ கியர் போட்டுப் புண்ணியமில்லை, ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். 2 இன்ச்சுக்கு மேல் டயரைக் கூட்டுகிறீர்கள் என்றால் கிளட்ச்சின் ஸ்பிரிங், எடைகள் எல்லாம் மாற்ற வேண்டிவரும்.

நம் ஊருக்கு டயர் விஷயத்தில் உயரத்தைவிடப் பெரிய கவலை முள். சீமைக்கருவேல் முள்ளும் உடைமுள்ளும் மெல்லிய டயரைச் சும்மா விடாது. குறைந்தது 6 பிளை (டயரின் பலத்தைச் சொல்லும் அடுக்குக் கணக்கு), முடிந்தால் 8 பிளை டயர் பாருங்கள், கனம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பஞ்சர் பிளக்கும் சின்னக் காற்று பம்பும் வண்டியிலேயே கிடக்கட்டும். நாலு டயரையும் சேர்த்தே மாற்றுங்கள், முன்னால் ஒரு உயரம் பின்னால் ஒரு உயரம் என்று இஷ்டத்துக்குப் போட்டால் நாலு சக்கர ஓட்டத்தில் முன்பின் சுற்று ஒத்துப்போகாமல் டிஃபரன்ஷியல் அடி வாங்கும். வாங்குவதற்கு முன் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, டயருக்கும் கைக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரல் விட்டு அளங்கள்.

இனி பிராக்கெட். உயர்த்துகிற கிட் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது இதுதான், ஷாக்கின் மேல்முனையையோ கீழ்முனையையோ மாட்டுகிற இடத்தை நகர்த்துகிற இரும்புத் தகடுகள். ஷாக் கையின் நடுவில் மாட்டியிருந்தால், ஷாக்கில் 1 இன்ச் நகர்த்தினால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் மாறும். கையின் வெளிமுனைக்கு அருகில் மாட்டியிருந்தால் அவ்வளவு மாறாது. இது தெரியாமல் "2 இன்ச் தூக்கணும், 2 இன்ச் தகடு போடு" என்று பட்டறையில் சொன்னால் வண்டி 4 இன்ச் ஏறிப்போகும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. பார்க்கக் கம்பீரமாக நின்றது. பத்தே நாளில் வலது பின் ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்தது, கிழிந்ததைக் கவனிக்காமல் ஓடைத் தண்ணீரில் இரண்டு தடவை இறக்கினேன், மணலும் சேறும் ஜாயின்ட்டுக்குள் போய் கிரீஸோடு அரைத்து, தாரோடு வரும்போது "கட கட" என்று சத்தம் வந்து நடுவழியில் சுற்றுவது நின்றுவிட்டது. ஆக்சிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அவர் தகடு எதையும் தொடவில்லை. "தம்பி, முதல்ல ஷாக்கைக் கழத்து, சக்கரத்தைத் தொங்கவிடு, கையால சுத்து" என்றார். அவ்வளவுதான் சோதனை, ஆனால் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். சேசிஸை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்திவிட்டு, ஷாக்கைக் கழற்றி, உயர்த்திய பிறகு சக்கரம் எவ்வளவு கீழே இறங்குமோ அந்த அளவுக்கு இறக்கி, ஜாக்கியால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் பைய சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்றினால் சரி. ஓர் இடத்தில் பிடித்தாலோ, "டக் டக்" என்று நெருடினாலோ, ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினாலோ, ஆக்சில் அந்தச் சாய்வைத் தாங்காது என்று அர்த்தம். முன்சக்கரத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த நிலையிலும் இதே மாதிரி சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு சக்கரத்தை மேலே முட்டும் வரை தூக்கி டயர் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பிரேக் ஓசும் ஒயரும் கீழே இறக்கிய நிலையில் விறைத்து நிற்கக்கூடாது, நின்றால் கிளிப்பைக் கழற்றி வழியை மாற்றுங்கள். நிற்கிற உயரத்தில் ஆக்சில் சரியாக இருந்து, தொங்குகிற நிலையில் மட்டும் கொஞ்சம் பிடித்தால், சேசிஸுக்கும் கைக்கும் நைலான் பட்டை ஒன்று மாட்டி அந்த இறக்கத்தைக் கட்டுப்படுத்தலாம்.

உங்கள் வண்டிக்கு என்றே செய்த கிட் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காமல் பட்டறையில் செய்கிறீர்கள் என்றால், 6 மி.மீ.க்குக் குறையாத தகடு, ஓட்டைகளைக் கேஸில் வெட்டாமல் டிரில் போட்டு எடுக்க வேண்டும், போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும், போல்ட்டின் மரைப்பகுதி தகட்டின் ஓட்டைக்குள் உட்காரக்கூடாது, மழமழப்பான பகுதிதான் அங்கே வர வேண்டும். பழைய நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டை)த் திரும்பப் போடாதீர்கள். வண்டியிலேயே வெல்டிங் வைக்க வேண்டிவந்தால் பேட்டரி கனெக்ஷனைக் கழற்றி, இன்ஜினின் கம்ப்யூட்டர் பிளக்கையும் உருவிவிடுங்கள். ஷாக்கின் உடம்பிலும் ரப்பர் புஷ் அருகிலும் வெல்டிங் வைக்கவே வேண்டாம், உள்ளே கேஸ் அடைத்திருக்கிற ஷாக் சூடானால் வெடிக்கும்.

மாட்டுகிற வேலை பெரிதல்ல. ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள், வண்டியைத் தரையில் நிறுத்தி உருட்டிவிட்டு இறுக்குங்கள், அப்போதுதான் ரப்பர் முறுக்காமல் உட்காரும்.

உயர்த்தியவுடன் சக்கரங்களின் நிலை மாறியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் டயரின் மேல்பக்கம் வெளியே சாய்ந்த மாதிரி தெரியும், ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பியான டை ராடின் கோணம் மாறியதால் இரண்டு முன்சக்கரமும் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும். அலைன்மென்ட் மிஷின் வேண்டாம், அளவு நாடா போதும். ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவிட்டு, அச்சின் உயரத்தில் இரண்டு முன் டயர்களின் முன்விளிம்புக்கு இடையே அளந்து, பின்விளிம்புக்கு இடையே அளந்து, வித்தியாசத்தைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையேட்டில் இருக்கிற அளவுக்கு டை ராடைத் திருப்புங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும். லாக் நட்டை மறக்காதீர்கள். ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்கும், அதையும் இறக்கிவிடுங்கள்.

இப்போது சாய்வு. இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன், ஏனென்றால் பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்து வருகிறார். வண்டியின் பாதி அகலத்தை அதன் எடை மையத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எத்தனை டிகிரியில் கவிழும் என்று தெரிந்துவிடும். பாதி அகலம் 600 மி.மீ., எடை மையம் 600 மி.மீ. உயரம் என்றால் 45 டிகிரி. எடை மையத்தை 50 மி.மீ. உயர்த்தினால் 42.7 டிகிரி, 100 மி.மீ. உயர்த்தினால் 40.6. நின்ற நிலையில் இவ்வளவு, ஓட்டத்தில் திருப்பும்போதும் தொட்டியில் சுமை உயரமாக இருக்கும்போதும் இதைவிடச் சீக்கிரமே கவிழும். சக்கரத்துக்கு உள்பக்கம் வைக்கிற கனமான வளையமான வீல் ஸ்பேசர் போட்டு இரு பக்கமும் 38 மி.மீ. அகலப்படுத்தினால் அந்த 42.7 மறுபடி 44.5 ஆகும், ஆனால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், அதை அடிக்கடி ஆட்டிப் பார்க்க வேண்டும். தாரை நிமிர்த்தி அடுக்காமல் படுக்கவைத்து அடுக்குங்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள். சீட் பெல்ட் இரண்டு பேருக்கும், தோட்டத்துக்குள் பத்தடி போனாலும் சரி. கவிழும்போது கையைக் காலை வெளியே நீட்டுவதில்தான் பெரிய அடி விழுகிறது, பக்கவாட்டு வலையை மாட்டி வையுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்யாத சைடு பை சைடு வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது, தோட்டத்துக்குள்தான். பதிவு செய்த வண்டி வேறு ஏதாவது வைத்திருந்து இந்த வேலையை அதில் செய்ய நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. அப்புறம், நம் மலையடிவாரம் முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரம். வண்டி உயர்ந்துவிட்டது என்று வேலியைத் தாண்டி மேலே ஏற்றிப் பார்க்கிற ஆசை வரும், அது வேண்டவே வேண்டாம்.

புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள், ஐப்பசி மழை இறங்கிவிட்டால் சேற்றில் படுத்துப் பார்க்க முடியாது. முதல் 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ஸ்பேனரால் மறுபடி பாருங்கள், கட்டாயம் ஒன்றிரண்டு இளகியிருக்கும். நான் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டைச் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், கோடு விலகினால் தூரத்திலிருந்தே தெரியும். ஓடையில் இறங்கிய அன்றைக்கெல்லாம் தண்ணீர் அடித்து, ஆக்சிலின் எல்லா ரப்பர் பூட்களையும் விரலால் விரித்துப் பாருங்கள்.

கடைசியாக, பழைய மாதிரியே மறுபடி சுண்ணாம்பு பூசி அதே பாதையில் அதே சுமையோடு ஒரு நடை போனேன். ஸ்பிரிங்கில் முக்கால், டயரில் 1, பிராக்கெட்டில் பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம், மொத்தத்தில் நோட்டுக் கணக்கில் நடுத்தகடு 2 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. தகட்டில் பூசிய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. இடது பின்கையின் முனையில் மட்டும் மறுபடியும் ஒரு கீறல், அதற்கு மேல் உயர்த்தாமல் அந்த இடத்தில் ஒரு காப்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டுவிட்டேன்.